கலர் பென்சிலில் ஒரு முதிய முகம்: பேப்பர் முதல் ஃபிரேம் வரை

வரையப்போவது அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் முகம். மாநிறம், நரை கலந்த தலைமுடி, கண்ணோரச் சுருக்கங்கள், இடப்பக்க ஜன்னலிலிருந்து விழும் வெளிச்சம். ஏ4 பேப்பர், 15 கலர் பென்சில்கள். இந்த அளவில் ஒரு முகத்தை முழுமையாக முடிக்க 20 முதல் 30 மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் எங்கே கெடும், ஏன் கெடும் என்பதையும் சேர்த்தே கீழே எழுதியிருக்கிறோம்.

முகம் வரையப் பழகுகிறவர்கள் முதலில் தேடுவது தோல் நிறப் பென்சிலை. அப்படி ஒரு பென்சில் கிடையாது. ஒரே கன்னத்தில் மஞ்சளும் சிவப்பும் பழுப்பும் ஊதாவும் இருக்கின்றன; அவை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றின் ஊடாக இன்னொன்று தெரியும்படி உட்கார்ந்தால்தான் தோல் தோலாகத் தெரியும். அதற்குப் பத்து அடுக்காவது போட இடம் வேண்டும். அந்த இடம் பேப்பரின் சொரசொரப்பில் இருக்கிறது. அது கையில் இருக்கும் ரொக்கம் மாதிரி: அழுத்தி வரைந்தால் இரண்டாவது அடுக்கிலேயே தீர்ந்துவிடும், பிறகு திரும்பி வராது. கீழே சொல்லும் எல்லா வேலையும் அந்தச் சொரசொரப்பைக் கடைசிவரை மிச்சம் பிடிப்பதற்குத்தான்.

போட்டோ

மோசமான போட்டோவிலிருந்து நல்ல முகம் வராது. போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒடுங்கிவிடும். கண்ணுக்கு அது உடனே தெரியாது. அளந்து வரைந்து முடித்த பிறகுதான் ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றும். குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நேரே எதிரிலிருந்து அடிக்கும் வெளிச்சம் நிழலையெல்லாம் துடைத்துவிடும், நிழல் இல்லாத முகத்தில் வடிவம் இல்லை. ஜன்னலுக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் முகம் இருந்தால் மூக்கின் ஒருபுறம், கண்குழி, தாடைக்குக் கீழ் என மூன்று இடங்களில் நிழல் தெளிவாக விழும். அந்த மூன்றும் தெரிந்தால் போட்டோ போதுமானது.

இரண்டு பிரிண்ட் எடுக்க வேண்டும்: ஒன்று கலரில், ஒன்று கறுப்பு வெள்ளையில், இரண்டும் வரையப்போகும் அதே அளவில். கறுப்பு வெள்ளைப் பிரதிதான் அதிகம் உதவும். நிறம் கொஞ்சம் தப்பினால் பார்ப்பவர் மன்னிப்பார். இருட்டும் வெளிச்சமும் தப்பினால் ஆள் மாறிவிடும். பச்சையையும் நீலத்தையும் வைத்து வரைந்த முகத்தைக்கூட நம்மால் அடையாளம் காண முடிவது வெளிச்ச அளவு சரியாக இருப்பதால்தான்.

பேப்பரும் பென்சிலும்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஹாட் பிரஸ், அதாவது சூடாக அழுத்தி வழவழப்பாக்கிய வாட்டர்கலர் பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டால் வழவழப்பாக இருக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு மெல்லிய அடுக்குகளைத் தாங்கும் அளவுக்கு நுண்ணிய சொரசொரப்பு அதில் உண்டு. சூடாக்காமல் அழுத்திய கோல்ட் (Cold) பிரஸ் பேப்பரில் மேடுபள்ளம் அதிகம். கன்னம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் நிற்கும், அவற்றை நிரப்புவதிலேயே நேரம் போய்விடும். மிகவும் வழவழப்பான பிரிஸ்டல் பேப்பரில் நுணுக்கம் அழகாக வரும், ஆனால் நான்கைந்து அடுக்குக்கு மேல் ஏறாது. சாதாரண பிரிண்டர் பேப்பரில் பழகவே வேண்டாம். அதில் வரும் தோல்வி கையின் குறை என்று தோன்றி மனம் தளர்ந்துவிடும். உண்மையில் அது பேப்பரின் குறை.

பென்சில்களில் எண்ணெய் சார்ந்தவை, மெழுகு சார்ந்தவை என இரண்டு வகை. ஃபேபர் காஸ்டல் பாலிக்ரோமோஸ் எண்ணெய் சார்ந்தது; 3.8 மி.மீ. தடிமன் லெட், கூர்முனை நன்றாக நிற்கும், 120 நிறங்கள். பிரிஸ்மாகலர் பிரீமியர் மெழுகு சார்ந்தது. வெண்ணெய் போல இழையும், ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும், கீழே விழுந்தால் லெட் உள்ளுக்குள்ளேயே துண்டுதுண்டாக உடையும். முகத்துக்குக் கூர்முனை முக்கியம் என்பதால் முதல் வகையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கடைசி மெருகுக்கு மட்டும் மெழுகுப் பென்சிலைத் தொடுவது நல்ல ஏற்பாடு. இரண்டையும் ஒரே படத்தில் கலக்கலாம், தடையில்லை.

இந்தப் படத்துக்குத் தேவையான பாலிக்ரோமோஸ் நிறங்கள்: கிரீம் 102, பிரவுன் ஓக்கர் 182, சினமன் 189, பர்ன்ட் ஓக்கர் 187, பாம்பீயன் ரெட் 191, பர்ன்ட் சியன்னா 283, வால்நட் பிரவுன் 177, கேபுட் மார்ட்டம் 169, டார்க் செப்பியா 175, டார்க் இண்டிகோ 157, கோல்ட் (Cold) கிரே 230, 233, வார்ம் கிரே 271, 273, ஒயிட் 101. வேறு கம்பெனிப் பென்சில் இருந்தால் பெயரைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே பெயர் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு நிறம். அதே பேப்பரின் துண்டில் ஒவ்வொரு பென்சிலையும் மெல்லிசாகவும் அழுத்தியும் தேய்த்து, நம்பரை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பென்சிலின் வெளிப்பூச்சு நிறத்தை நம்பக் கூடாது.

கறுப்பு இந்தப் பட்டியலில் இல்லை. தோலில் கறுப்பு ஏறினால் அந்த இடம் கரி படிந்ததுபோல் செத்துவிடும். டார்க் செப்பியாவின் மேல் டார்க் இண்டிகோ போட்டால் கறுப்புக்கு நிகரான ஆழம் வரும், உயிரும் இருக்கும்.

இவை தவிர: ஒரு நல்ல ஷார்ப்னர், நீடட் எரேசர் (கையால் பிசைந்து உருவம் மாற்றக்கூடிய ரப்பர்), மாஸ்கிங் டேப், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, டிரேசிங் பேப்பர், துகள் தட்ட ஒரு மென்மையான பிரஷ், கைக்கு அடியில் வைக்க ஒரு வெள்ளைத் தாள். துகளைக் கையால் தள்ளினால் இண்டிகோ துகள் ஒன்று கன்னத்தின் குறுக்கே நீலக் கோடு இழுத்துவிடும். ஊதினால் எச்சில் துளி விழும், அந்த இடத்தில் நிறம் சீராக ஏறாது.

அவுட்லைன்

நல்ல பேப்பரில் நேரடியாக கிரிட் (அளவுக் கட்டங்கள்) போட்டு, அழித்து அழித்து வரைய வேண்டாம். அழிக்க அழிக்கச் சொரசொரப்பு நசுங்கும். பென்சில் கோட்டின் பள்ளமும் பின்னால் நிறத்துக்கு அடியில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும். சாதாரணத் தாளில் 2 செ.மீ. கட்டங்கள் போட்டு, கண், மூக்கு, வாய்ப் பகுதியில் மட்டும் 1 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, அங்கேயே எல்லாத் திருத்தத்தையும் முடித்துவிட்டு, டிரேசிங் பேப்பர் வழியாக நல்ல பேப்பருக்கு மாற்றுங்கள்.

தலை உச்சியிலிருந்து தாடை வரை 18 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது கண்கள் சுமார் 9 செ.மீ. இறக்கத்தில், ஏறக்குறைய நடுவில் வரும். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறார்கள், நெற்றி சுருங்கிப்போகிறது. தலையின் அகலம் சுமார் 13 செ.மீ.; நேராகப் பார்க்கும் முகத்தில் ஒரு கண் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2.6 செ.மீ. கண்ணின் அகலம் ஒன்றரை செ.மீட்டருக்குக் கீழே போனால் இமை விளிம்பையும் கண்மணியையும் கலர் பென்சிலால் பிரித்துக் காட்டுவது கஷ்டம். அதனால்தான் ஒரே ஏ4 தாளில் முழு உருவத்தைத் திணிக்காமல் தோள் வரை நிறுத்துகிறோம்.

இந்த விகிதங்களெல்லாம் சரிபார்க்க மட்டுமே. ஆளின் சாயல் விலகல்களில் இருக்கிறது: இந்த முகத்தில் மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள தூரம் வழக்கத்தைவிட நீளம், வாயின் வலது முனை இடதைவிட ஒரு மி.மீ. தாழ்வு. அந்த ஒரு மி.மீட்டரைச் சமன் செய்துவிட்டால் அழகான வேறொருவர் கிடைப்பார். படத்தையும் போட்டோவையும் தலைகீழாக வைத்துப் பாருங்கள், பிறகு கண்ணாடியில் பாருங்கள். பழகிப்போன கண் விட்டுவிட்ட தப்பை இரண்டும் காட்டிக்கொடுக்கும்.

மாற்றிய கோடுகள் கிராஃபைட்டாக இருந்தால், நீடட் எரேசரை உருட்டி ஒற்றி ஒற்றி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மங்கலாக்கிவிட வேண்டும். கிராஃபைட்டின் மேல் கிரீம் நிறம் போட்டால் அழுக்குப் பச்சையாகக் கலங்கும், பிறகு அழிக்கவும் வராது. ஒவ்வொரு பகுதியாக எடுத்து, மங்கிய கோட்டைச் சினமன் பென்சிலால் மெல்லிசாக மறுபடி போட்டு, அடியிலிருக்கும் கிராஃபைட்டை ஒற்றி எடுத்துவிடுவது பாதுகாப்பு.

நிறத்தைத் தொடும் முன் ஒரே ஒரு வேலை பாக்கி. நரைமுடியில் தனித்துப் பறக்கும் வெள்ளை இழைகளை இப்போதே பதித்துவிட வேண்டும். டிரேசிங் பேப்பரை மேலே வைத்து, மை இல்லாத பால்பாயின்ட்டால் இழை போகும் போக்கில் அழுத்தி இழுத்தால் பேப்பரில் மெல்லிய பள்ளம் விழும். பின்னால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கும்போது பள்ளத்தில் நிறம் இறங்காமல் வெள்ளை இழை நிற்கும். பதித்த கோட்டைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நெற்றியோரம், காதருகே, வகிட்டில் என்று பத்துப் பதினைந்து இழை போதும். அதுவும் ஒரே நீளத்தில், ஒரே வளைவில் இருக்கக் கூடாது.

கண்

முகத்தின் மிக இருட்டான புள்ளியும் மிக வெளிச்சமான புள்ளியும் கண்ணிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முதலில் கண்ணை முடித்தால் மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டு அளக்கலாம். வெள்ளைப் பேப்பருக்கு நடுவே வரையும்போது எந்த நிறமும் இருக்க வேண்டியதைவிட இருட்டாகத் தெரியும். பயந்து நிறுத்திவிட்டால் முகம் முழுவதும் வெளிறிப்போகும். முதலிலேயே கண்மணியை முழு இருட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அந்தப் பயம் போய்விடும்.

கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளிக்குப் பேப்பரின் வெண்மையை விட்டுவைக்க வேண்டும். ஒயிட் பென்சிலால் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அது ஒளி ஊடுருவும் நிறம், இருட்டின் மேல் சாம்பலாகத்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சம் என்பதால் புள்ளி வட்டமாக இல்லாமல் சற்றே சதுரமாக, கருவிழியின் இடது மேற்பாதியில் பாவையின் (கண்மணியின்) ஓரத்தைத் தொட்டபடி இருக்கிறது. பாவைக்கு டார்க் செப்பியா, மேலே டார்க் இண்டிகோ, மறுபடி செப்பியா. கருவிழியின் மேற்பகுதி இமையின் நிழலில் இருப்பதால் இருட்டு. ஒளிப்புள்ளிக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலது கீழ்ப்பகுதி, வெளிச்சம் உள்ளே புகுந்து ஒளிர்வதால் இளம் பழுப்பு. அங்கே பர்ன்ட் ஓக்கர் ஒரு அடுக்கு போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வயதானவர்களின் கருவிழி ஓரத்தில் சாம்பல் நீல வளையம் ஒன்று பலருக்கு இருக்கும். கோல்ட் கிரே 233 கொண்டு விளிம்பை மெதுவாகக் கரைத்தால் வயது சொல்லாமலே வந்துவிடும். கருவிழியின் விளிம்பைக் கூராகச் சுற்றிக் கோடு போட்டால் பொம்மைக்கண் ஆகிவிடும்.

வெள்ளைவிழி வெள்ளை இல்லை. அது ஒரு உருண்டை. ஓரங்களில் இருள வேண்டும். வார்ம் கிரே 271 இரண்டு மூலைகளிலும், மேல் இமைக்குக் கீழே அதே நிறம் இன்னும் ஒரு அடுக்கு, மூக்கோர மூலையில் சினமன். கருவிழிக்குப் பக்கத்தில் மட்டும் சிறிதளவு பேப்பர் தெரியட்டும். கீழிமைக்கு ஒரு தடிமன் உண்டு: விழிக்கும் ரோமத்துக்கும் நடுவே ஈரமாக மினுங்கும் ஒரு மி.மீ. விளிம்பு. இதை விட்டுவிட்டால் கண் முகத்தில் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். சினமனால் லேசாக நிறமேற்றி, நடுவில் ஒரு துளி வெண்மை விட்டால் போதும்.

இமை ரோமத்தை இப்போது தொட வேண்டாம். சுற்றியுள்ள தோல் முழுவதும் முடிந்த பிறகு, புதிதாகக் கூர்செய்த செப்பியாவால், இமையின் வெளிவிளிம்பில் தொடங்கி, வளைத்து, முனையில் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். மூன்று நான்கு ரோமம் சேர்ந்து ஒரு கூராக முடிவதையும் வயதான கண்ணில் அவை குட்டையாகவும் இடைவெளியோடும் இருப்பதையும் போட்டோவில் பார்த்துப் போடுங்கள்.

தோல்

இங்கேதான் பாதி நேரம் போகும், போக வேண்டும்.

பென்சிலை முனையிலிருந்து ஐந்தாறு செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். பென்சிலின் சொந்த எடை மட்டும் பேப்பரில் இறங்கட்டும். கோடு கோடாகப் போடாமல் மூன்று நான்கு மி.மீ. அளவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் சின்னச் சின்ன நீள்வட்டங்களாகச் சுற்றிக்கொண்டே நகர வேண்டும். கோட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, அந்த முனைகள் சேரும் இடத்தில் வரிவரியாகத் தெரியும். வட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. முனை எப்போதும் கூராக இருக்க வேண்டும். மழுங்கிய முனை பேப்பரின் மேடுகளை மட்டும் தடவிக்கொண்டு போகும், பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். கூர்முனை பள்ளத்துக்குள் இறங்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கூர்செய்வது வழக்கமாகிவிட வேண்டும்.

முதல் அடுக்கு நிழலின் வரைபடம். வால்நட் பிரவுன் கொண்டு வலப்பக்கக் கன்னம், கண்குழி, மூக்கின் வலப்புறம், கீழுதட்டுக்கு அடியில், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே என நிழல் பகுதிகளை மட்டும் மெல்லிசாகக் குறிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நிழலின் உருவம் ஒரே திட்டாகத் தெரியும். இந்தக் கட்டத்திலேயே தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேலே நிறம் போடாமல் நிறுத்தி, அளவுகளை மறுபடி பாருங்கள்.

இரண்டாவதாக ஒளி விழும் மேடுகளில், அதாவது நெற்றியின் இடப்பக்கம், மூக்குத்தண்டு, இடது கன்ன எலும்பு, மேலுதட்டின் விளிம்பு ஆகிய இடங்களில் கிரீம். அதன் ஓரத்திலிருந்து தொடங்கி முகம் முழுவதும், நிழல் மேலும் சேர்த்து, பிரவுன் ஓக்கர். மூன்றாவது அடுக்கில் சினமன் கன்னங்கள், மூக்கு நுனி, காது, கண்ணிமை ஆகிய ரத்த ஓட்டம் தெரியும் இடங்களுக்குப் போகும். நான்காவது பர்ன்ட் ஓக்கர், வெளிச்சத்தின் உச்சியைத் தவிர்த்து எல்லா இடத்திலும். இதுவரை முகம் பொருத்தமில்லாமல் ஆரஞ்சாக இருக்கும். பலர் இங்கே பயந்து வெள்ளையைத் தேய்த்து அடக்கப் பார்க்கிறார்கள். அது சொரசொரப்பை நிரப்பி மேலே வரவேண்டிய அடுக்குகளுக்குக் கதவை அடைத்துவிடும். அந்த ஆரஞ்சு வேண்டும். மாநிறத் தோலுக்கு அடியிலிருந்து வரும் வெதுவெதுப்பு அதுதான்.

ஐந்தாவது பர்ன்ட் சியன்னா நடுத்தர இருட்டுப் பகுதிகளில். ஆறாவது நிழலில் கேபுட் மார்ட்டம்; ஊதா சாயும் இந்தப் பழுப்பு ஆரஞ்சை இழுத்துப் பிடிக்கும். அதன் மேல் கண்குழி, மூக்குத்துளை ஓரம், தாடைக்கு அடி ஆகிய இடங்களில் மட்டும் டார்க் இண்டிகோ, பென்சில் பட்டதா இல்லையா என்னும் அளவுக்கு. உடனே அதன் மேல் வால்நட் பிரவுன். நீலம் தனியாகத் தெரிந்தால் அடிபட்ட காயம்போல் இருக்கும், பழுப்பு மூடியதும் நிழலின் ஆழமாகிவிடும். பிறகு மறுபடி ஓக்கர், மறுபடி சியன்னா என்று இரண்டு சுற்று.

நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கண்ணுக்குக் கீழும் மாநிற முகத்தில் பெரும்பாலும் கன்னத்தைவிட ஒரு படி இருட்டாக இருக்கும். அது நிழல் இல்லை, தோலின் நிறமே அப்படி. அங்கே இண்டிகோ போடாமல் வால்நட், கேபுட் மார்ட்டம் அளவில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முகத்தில் இல்லாத பள்ளம் ஒன்று உண்டாகிவிடும்.

மாநிறத் தோலில் ஒளி மினுங்கும் இடம் மஞ்சளாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஜன்னல் வழியாக வானத்தின் வெளிச்சம் விழும்போது அந்த மினுக்கம் குளிர்ந்த சாம்பல் நீலம். சந்தேகமிருந்தால் ஒரு வெள்ளை அட்டையில் பஞ்ச் மெஷினால் துளை போட்டு, கலர் போட்டோவில் கன்ன எலும்பின் மேல் வையுங்கள். சுற்றிலும் உள்ள பழுப்பு மறைந்து துளைக்குள் தெரியும் நிறம் ஆச்சரியமாக இருக்கும். அதே அட்டையில் இன்னொரு துளை போட்டு, போட்டோவின் இரண்டு இடங்களை ஒப்பிடலாம். படத்தின் மேல் வைத்தும் பார்க்கலாம். அந்த மினுக்கத்தில் கோல்ட் கிரே 230 ஒரே அடுக்கு, ஓரங்களைக் கிரீமோடு கரைத்துவிட்டால் எண்ணெய்ப் பசை இல்லாத இயல்பான பளபளப்பு வரும். தாடையின் வலது ஓரத்தில், நிழலுக்குள்ளே, உடையிலிருந்து பட்டுத் திரும்பும் மங்கிய வெளிச்சம் ஒரு கீற்றாக உண்டு. அதை விட்டால் தாடை தட்டையாகும். அதிகமாக வெளிச்சப்படுத்தினால் நிழல் உடையும். ஒளிப்பக்கத்தின் எந்த நிறத்தைவிடவும் அது இருட்டாகவே இருக்க வேண்டும்.

சுருக்கத்தைக் கோடு என்று நினைத்தால் முகத்தில் வலை பின்னியதுபோல் ஆகும். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சிறு பள்ளம், அதை ஒட்டி ஒரு சிறு மேடு. கண்ணோரச் சுருக்கம் ஒன்றை அருகில் பாருங்கள்: கண் மூலையில் தொடங்கும் இடத்தில் அகலமும் இருட்டும் அதிகம், போகப் போக மெலிந்து தோலோடு கலந்துவிடுகிறது. வெளிச்சம் இடமிருந்து வருவதால் பள்ளத்தின் இடது சரிவு இருட்டு, வலது சரிவில் ஒரு மெல்லிய வெளிச்சக் கீற்று. சியன்னாவால் பள்ளம், ஆழமான இடத்தில் மட்டும் வால்நட், பக்கத்து மேட்டில் நீடட் எரேசரைக் கத்திமுனைபோல் பிசைந்து ஒற்றி நிறத்தைக் குறைப்பது. இரண்டு பக்கமும் செய்யாமல் பள்ளத்தை மட்டும் போட்டால் கீறல்தான். எல்லாச் சுருக்கத்தையும் போடவும் வேண்டாம். ஆழமான நான்கைந்து போதும், மற்றவை அடுக்குகளின் ஏற்ற இறக்கத்திலேயே தோன்றிவிடும்.

மூக்கு, வாய்

மூக்குக்கு அவுட்லைன் இல்லை. மூக்குத்தண்டின் இடப்பக்கம் கன்னத்தோடு நிறத்தில் கலந்தே இருக்கிறது. வலப்பக்க நிழலும் நுனியின் மினுக்கமும்தான் மூக்கைக் காட்டுகின்றன. துளைகளுக்கு இண்டிகோவைவிடக் கேபுட் மார்ட்டம், செப்பியா பொருத்தம்; உள்ளே சிவப்பு கலந்த இருட்டுதான் இருக்கிறது.

மேலுதடு வெளிச்சத்தைவிட்டு விலகிச் சாய்ந்திருப்பதால் கீழுதட்டைவிட இருட்டு. பாம்பீயன் ரெட்டைத் தனியாகப் போட்டால் லிப்ஸ்டிக் ஆகிவிடும், அடியில் வால்நட் ஒரு அடுக்கு இருக்கட்டும். உதடுகள் சேரும் கோட்டை ஒரே தடிமனில் இழுக்க வேண்டாம். இரண்டு முனைகளிலும் நடுவிலும் அழுந்தி, இடையில் மெலிகிறது. உதட்டின் வெளிவிளிம்பு வயதான முகத்தில் தோலோடு கரைந்துவிடும். பல் தெரியும் சிரிப்பாக இருந்தால் பல்லுக்குப் பல் கோடு போடாதீர்கள்; ஈறின் ஓரத்து முக்கோணங்களையும் பல் நுனிக்குக் கீழே உள்ள இருட்டையும் போட்டால் பற்கள் தாமாகப் பிரியும்.

முடி

நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் முதலில் தோல் நிறத்தை முடிக்குள் ஒரு செ.மீ. தள்ளிக் கொண்டுபோக வேண்டும். தோல் முடிந்த இடத்தில் முடி தொடங்கினால் டோப்பா வைத்ததுபோல் இருக்கும். பிறகு இழையாகப் பார்க்காமல் கற்றையாகப் பாருங்கள்: நாலைந்து பெரிய கற்றைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிச்சப் பட்டை, இரண்டு பக்கமும் இருட்டு. வார்ம் கிரே 271, 273 அடித்தளம். மேலே மினுக்கத்துக்கு அருகில் கோல்ட் கிரே. கற்றைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் இண்டிகோவும் செப்பியாவும். நரைமுடியை வெள்ளையால் வரைவதில்லை, வெள்ளைக்கு நடுவே இருக்கும் இருட்டை வரைகிறோம். முன்பே பதித்த இழைகள் இப்போது ஒவ்வொன்றாக மேலெழும். அந்தப் பகுதியில் பென்சிலைப் படுக்கவைத்தே தேய்க்க வேண்டும். கூர்முனை பள்ளத்துக்குள் இறங்கிப் பதித்த கோட்டை அழித்துவிடும்.

உடைக்கும் பின்னணிக்கும் அதிகம் மெனக்கெட வேண்டாம். உடைக்குக் கேபுட் மார்ட்டமும் இண்டிகோவும் நான்கு அடுக்கு, மடிப்புகளைச் சொல்லும் அளவுக்கு. பின்னணிக்கு வார்ம் கிரே 273 இரண்டு அடுக்கு போட்டு, வாசனையற்ற மினரல் ஸ்பிரிட்டை (பெயின்ட் கரைக்கும் திரவம்) பிரஷ்ஷில் தொட்டு மெல்லிசாகத் தடவினால் நிறம் கரைந்து பள்ளங்களில் புகுந்து சமமாகும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், முழுவதும் காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு. தோல் மேல் ஸ்பிரிட் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வேகம் கிடைக்கும், ஆனால் அடுக்குகளின் ஊடாகத் தெரியும் உயிர்ப்பு போய் ஒரே பூச்சாகிவிடும்.

மெருகும் பழுதும்

எல்லா அடுக்கும் முடிந்து, கறுப்பு வெள்ளைப் பிரிண்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே பர்னிஷிங், அதாவது அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவது. வெளிச்சப் பகுதியில் கிரீமையும் நடுத்தரப் பகுதியில் சினமனையும் அழுத்தித் தேய்த்தால் மிச்சமிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் மூடி, தோல் வழவழப்பாகும். நிழலில் வெளிர் நிறத்தால் தேய்க்கக் கூடாது, பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். அங்கே சியன்னா அல்லது வால்நட். இது கடைசி வேலை. இதற்குப் பிறகு பேப்பரில் எதுவும் ஏறாது.

நடுவிலேயே ஓரிடத்தின் சொரசொரப்பு நிரம்பி, பென்சில் வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் அழுத்துவதில் பயனில்லை. மாஸ்கிங் டேப்பின் சிறு துண்டைப் பசை குறைய ஒருமுறை துணியில் ஒட்டி எடுத்து, அந்த இடத்தின் மேல் மெதுவாக வைத்து, மை இல்லாத பேனாவால் டேப்பின் மேல் தேய்த்து உரித்தால், தேய்த்த இடத்தில் மட்டும் நிறம் டேப்போடு வந்துவிடும். சுருக்கத்தின் பக்கத்து மேட்டுக்கும் இதே முறை உதவும். சாதாரண ரப்பரால் அழித்தால் நிறம் இழுபட்டுக் கறையாகும். முகம் முழுவதும் தட்டையாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நிழல் போதுமான அளவு இருட்டவில்லை. வெளிச்சத்தைக் கூட்ட முயலாமல் வலப்பக்க நிழலுக்கு இன்னும் இரண்டு சுற்று வால்நட்டும் கேபுட் மார்ட்டமும் கொடுங்கள்.

மெழுகுப் பென்சில் அதிகம் ஏறிய இருட்டுப் பகுதிகளில் சில நாள் கழித்துப் பனி படர்ந்ததுபோல் ஒரு வெண்புகை தோன்றலாம். மெழுகு மேலெழுந்து வருவதால் உண்டாவது அது. மென்மையான துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். திரும்ப வராமலிருக்க, துடைத்த பிறகு ஃபிக்ஸேட்டிவ் (நிறத்தை நிலைநிறுத்தும்) ஸ்பிரேயைச் சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று அடிக்க வேண்டும். சில ஸ்பிரேக்கள் நிறத்தை ஒரு சாயல் இருட்டாக்கும். நம்பர் எழுதிவைத்த அந்தத் துண்டுப் பேப்பரில் முதலில் அடித்துப் பாருங்கள்.

ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே மவுன்ட் அட்டை (படம் தெரியும்படி நடுப்பகுதியை வெட்டிய அட்டை) இருக்கட்டும், தொட்டால் நிறம் கண்ணாடியில் ஒட்டும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். பாலிக்ரோமோஸ் பென்சிலின் மேல் நட்சத்திரங்கள் அச்சிட்டிருப்பார்கள். மூன்று நட்சத்திரம் என்றால் நிறம் அதிகம் தாங்கும், ஒன்று என்றால் சீக்கிரம் வெளுக்கும். பொதுவாக முதலில் வெளுப்பவை இளஞ்சிவப்பும் ஊதாவும்தான். யாருக்காவது கொடுக்கப்போகும் படமென்றால் கன்னத்துக்கும் உதட்டுக்கும் எடுக்கும் சிவப்புகளின் நட்சத்திரத்தை வரையத் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.